நைட் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள்

1

நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைத் தள்ளுவண்டிகளில் படுக்க வைத்து, போர்த்தி, வெளியே முற்றத்தில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். டென்மார்க்கில் இதுதான் வழக்கம். குளிரானாலும் காற்றானாலும் பிள்ளைகள் வெளியேதான் தூங்கணும். பக்கத்து ரோட்டில் குப்பை லாரி போகும், எதிர்சாரியில் எதையாவது இடித்துக்கொண்டிருப்பார்கள், அதுகள் பாட்டுக்குத் தூங்கும். என்னோடு வேலை பார்க்கிற கீர்ஸ்டன் இருக்கிறாளே, அவள் தூங்குகிற பிள்ளைகளின் தலைமாட்டிலேயே நின்று இலை ஊதுகிற மெஷினைப் போடுவாள். வந்த புதிதில் எனக்கு ஈரக்குலையே நடுங்கும்.

இத்தனை வருஷம் ஆகியும் அன்றைக்கு அவள் மெஷினை எடுத்ததும் என்னையறியாமல் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றுவிட்டேன். கீர்ஸ்டன் சிரித்தாள். "சத்தத்திலேயே தூங்கப் பழகட்டும். இல்லாவிட்டால் இதுகளோடு ஒரு வீட்டில் யார் குடியிருப்பது" என்றாள். அதோடு விட்டாளா? "நீ கதவு சாத்துவதுகூட யாருக்கும் கேட்பதில்லை. திடீரென்று பின்னால் வந்து நிற்கிறாய், எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. உன் கழுத்தில் ஒரு மணி கட்டிவிடலாமா" என்று கேட்டாள். கட்டேன், எனக்கென்ன என்றேன். நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. டேனிஷில் எழுதியிருப்பதில் பாதியை முழுங்கிவிட்டுத்தான் பேசணும். நான் எப்போதும் தப்பான பாதியை முழுங்கிவிடுவேன்.

உள்ளே வந்து போனைப் பார்த்தால் அண்ணியிடமிருந்து வரிசையாகக் குரல் செய்தி. அண்ணி குறிஞ்சிப்பாடிக்காரி, தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. அன்றைக்கு அந்தக் குரலே குசுகுசு என்று வந்தது. பக்கத்து அறையில் அண்ணன் தூங்குகிறான், அவனுக்கு நைட் ஷிப்ட் வாரம் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"செல்வி, உங்கண்ணன் நிவேதாவோட போனப் புடுங்கி பீரோவுல வெச்சிப் பூட்டிட்டாரு. இந்த செமஸ்டரோட காலேஜு போதும்னு சொல்லிக்கினு இருக்காரு. கம்மாபுரத்துல ஒரு எடம் இருக்குதாம், பையன் மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல இருக்கானாம், விசாரிச்சிக்கினு வேற வந்துட்டாரு. இவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்றா. செவுத்தப் பாத்துக்கினு உக்காந்துக்கினு இருக்கா. எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொன்னா ரெண்டு பேருமே கேப்பாங்க."

சாயங்காலம் அண்ணனைப் பிடித்தேன். காலேஜிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அண்ணன் மகள் நிவேதாவுக்கு அட்டென்டன்ஸ் போதவில்லை, லேபில் வாய்மொழியாகக் கேள்வி கேட்கிற வைவாவுக்கு வரவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவளோ தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

"எல்லாம் அந்தப் போனாலதான் பாப்பா" என்றான் அண்ணன். நான் நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு நான் பாப்பாதான். "சாப்புடறப்ப போனு, படுக்கறப்ப போனு. அதுல என்னதான் இருக்குதுன்னு நீயே அவகிட்ட கேளு. எங்கிட்ட சொல்ல மாட்றா."

"போனை விடச் சொல்லி அவகிட்ட போன்லதானே நான் சொல்லணும். மொதல்ல பீரோவைத் தெற" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஒரே பெண். அவள் படித்து முடித்து வேலைக்குப் போவதை அவன் எத்தனை பேரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியும்.

2

இது 2018-ல் நடந்தது. நிவேதா அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், கடலூர்ப் பக்கம் ஒரு காலேஜ்.

அதற்கு முந்தின வருஷம் நான் லீவில் நெய்வேலியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பகல் பின்கட்டு அறைப் பக்கம் போனால், தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இந்தப் பெண் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருக்கிறது. கண்ணை உருட்டுகிறாள், கையை நீட்டி யாரையோ திட்டுகிறாள், உதடு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கண்ணில் தண்ணீர்கூட வருகிறது. ஆனால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சாமிதான் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன்.

பிறகு காட்டினாள். யாரோ பேசின வசனத்துக்கும் பாட்டுக்கும் உதட்டசைத்து நடித்துப் போடுகிற செயலி அது. போனில் பார்த்தால் அவளே பேசுவதுபோல் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு துல்லியம். ஆயிரக்கணக்கில் ஆட்கள் அவளைப் பின்தொடர்ந்தார்கள், எங்கள் மொத்த பிளாக்கிலும் அத்தனை பேர் கிடையாது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கூடவே இருந்து பார்த்தபோதுதான் சங்கடமாக இருந்தது. வீடியோவைப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணால் ஐந்து நிமிஷம் சும்மா இருக்க முடியாது. வலது கையில் சோறு, இடது கையில் போன். லைக் குறைந்தால் முகம் செத்துவிடும், அந்த வீடியோவையே அழித்துவிடுவாள். "ஏன்டி, யாரோ முன்னப் பின்னத் தெரியாதவன் லைக் போடலைன்னா உனக்கென்ன" என்றேன். "வயித்தப் பெசையுது அத்த" என்றாள். அத்தனை மெல்லச் சொன்னாள், காதைக் கொண்டுபோய்த்தான் கேட்டேன்.

இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. வீடியோ காலில் யாரோடு பேசினாலும் தன் முகத்தைத்தான் திரையில் பெரிசாக வைத்துக்கொள்வாள். எதிரில் இருப்பவர் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் கிடப்பார். "உன் மூஞ்சிய நீயே பாத்துக்கறதுக்கு எதுக்குடி கால், கண்ணாடி போதாதா" என்று கிண்டல் செய்தேன். "நான் எப்படித் தெரியறேன்னு பாத்துக்கினே பேசினாத்தான் அத்த தைரியமா இருக்கு" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனால் கெட்டுக் குட்டிச்சுவராகிறார்கள் என்று அங்கே நீங்கள் பேசுகிறீர்கள். இங்கேயும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் காபி குடித்துக்கொண்டு அதையேதான் பேசுகிறோம். என் பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள்ளே டேனிஷில் கத்திக் கத்தி விளையாடுவான். என்ன கத்துகிறான் என்று எனக்குப் பாதி புரியாது. கதவைத் தட்டினால், "அம்மா, ப்ளீஸ்" என்று இரண்டே வார்த்தை எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறான். நானும் போன்தான் காரணம் என்று நம்பினேன். பிள்ளை கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பழியை அதன்மேல் போட்டுவிடுவது சுலபம்.

3

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளராதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லணும். எங்கள் பிளாக்கில் முக்கால்வாசி வீடு ஷிப்ட் வீடு. எந்த நேரத்தில் பார்த்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு அப்பா பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வந்தால் வீட்டுக்கே நைட் ஷிப்ட் வந்த மாதிரிதான்.

எங்கள் அப்பாவும் மைன்ஸில், அந்தப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில்தான் இருந்தார். காலையில் கரித்தூசியோடு வருவார், குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் மூன்று மணி வரைக்கும் வீட்டில் ஒரு சத்தம் கூடாது. ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி. கேட்டில் பழைய துண்டு ஒன்றைக் கட்டிவிடுவோம், அதைப் பார்த்தால் காய்கறிக்காரர்கூட குரல் கொடுக்காமல் போவார். அம்மா அந்த வாரம் முழுக்கக் குக்கர் வைக்க மாட்டாள், விசில் அடிக்குமே. பருப்பைப் பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் வேக வைப்பாள். "தூக்கம் கெட்டு மனுஷன் அங்க போயி கண்ணசந்தா என்னா ஆவும்னு தெரியுமா" என்பாள். அதற்குமேல் எங்களுக்கு மூச்சு வருமா?

அதனால் நானும் அண்ணனும் சத்தமில்லாமல் சண்டை போடக் கற்றுக்கொண்டோம். தலைகாணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். பேசுவதற்கு உதட்டை மட்டும் அசைப்போம். சொன்னது புரிந்தது என்பதற்கு அடையாளம், கேட்டவர் அதையே தன் உதட்டால் திருப்பிச் சொல்லணும். வருஷக்கணக்கில் பேசிப் பேசி, அறையின் அந்தக் கோடியிலிருந்து அவன் திட்டினால் இந்தக் கோடியில் நான் அழுவேன். அத்தனை தேர்ச்சி.

அண்ணனும் படித்து, அப்ரன்டிஸாகி, பெர்மனென்ட் ஆகி, அதே மைன்ஸ். இரவு முழுக்கக் கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நிற்கிற வேலை, அங்கே பக்கத்தில் நிற்பவனிடம் பேசக்கூடக் கத்தணும். அதே மாதிரி க்வார்ட்டர்ஸ். கேட்டில் அதே துண்டு. தறி வீட்டில் பிறந்த அண்ணி வந்த ஒரே மாசத்தில் பூனை நடை கற்றுக்கொண்டாள். நிவேதா அந்த வீட்டில்தான் பிறந்தாள். எங்களுக்காவது சண்டை போட ஆள் இருந்தது, அவளுக்கு அதுவும் இல்லை.

அந்தப் பழக்கம் என்னை இங்கே எப்படிப் படுத்தியது என்பதையும் சொல்லணும். இங்கே குடியுரிமை வேண்டுமென்றால் டேனிஷ் மொழித் தேர்வு எழுதணும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் தோற்றுவிட்டேன். கேள்வி கேட்டவருக்கு நான் பேசியதே காதில் விழவில்லையாம். எனக்கு விடை தெரியும். வாய் திறந்தது, ஆனால் தொண்டையில் யாரோ கம்பளியைப் போர்த்தினமாதிரி குரல் உள்ளேயே நின்றுவிட்டது. அழுதுகொண்டே ரயில் ஏறினேன்.

4

ஒரு சனிக்கிழமை, எனக்குக் காலை, அங்கே உச்சி நேரம். அண்ணன் பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான் என்று அண்ணி செய்தி அனுப்பியிருந்தாள். நான் வீடியோவில் கூப்பிட்டேன்.

அதே பின்கட்டு அறை, அதே குடத்தில் சாய்த்த போன், காதில் இயர்போன். முகம் வற்றிப்போய்விட்டது பெண்ணுக்கு. "சாப்பிட்டியா" என்றேன். ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. "காலேஜுக்குப் போகாம எங்கடி போன" என்றேன். அதற்கும் ஏதோ சொன்னாள். "சத்தமா பேசுடி, காதுல விழல" என்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை நானும் குசுகுசுவென்றுதான் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் யாரும் தூங்கவில்லை. பக்கத்து அறையில் என் பையன் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திக்கொண்டிருக்கிறான். நான் மட்டும் எங்கேயோ நெய்வேலியில் தூங்குகிற ஒரு மனுஷனுக்குப் பயந்து என் சமையலறையில் குரலை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.

யோசிக்கவே இல்லை. சத்தத்தை விட்டுவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தேன். "இப்படிச் சொல்லு. எனக்குப் புரியும்."

அவள் கண் விரிந்தது. "உங்களுக்கு இது தெரியுமா அத்த?" என்றாள், உதட்டாலேயே.

நானும் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். "நானும் உங்கப்பாவும் இதுலதான் பேசி வளந்தோம்."

அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குடத்துக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் உதடு அசைய ஆரம்பித்தது. நெட்வொர்க் நின்று நின்று போனபோதெல்லாம் "திரும்பச் சொல்லு" என்றேன், சலிக்காமல் சொன்னாள்.

நான் லீவில் வருவதற்கு முன்னாலேயே நடந்திருக்கிறது, இரண்டாம் வருஷம் லேப் வைவாவில். வெளியிலிருந்து வந்த வாத்தியார் கேள்வி கேட்டார். விடை அவளுக்குத் தெரியும். வாய் அசைகிறது, குரல் வரவில்லை. அவர் விளையாட்டாக, "வால்யூமைக் கூட்டும்மா" என்றாராம். லேபே சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு 'மியூட்' என்று பேர். காரிடாரில் போனால் ரிமோட்டை அமுக்குகிறமாதிரி கையை நீட்டுவார்களாம். அடுத்த செமினாரில் மேடையில் ஏறி நின்றாள், குரல் வரவில்லை, இறங்கி வந்துவிட்டாள். அதற்கப்புறம் காலேஜ் வரைக்கும் போகவே கால் வரவில்லை. காலையில் பஸ் ஏறுவாள். குறிஞ்சிப்பாடியில் இறங்கினால் அம்மா வீட்டு ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் அதைத் தாண்டிக் குள்ளஞ்சாவடியில் இறங்கி, அங்கே ஒரு பேக்கரியில் மூலையில் உட்கார்ந்துகொள்வாள், ஃப்ரெண்டுக்காகக் காத்திருக்கிறமாதிரி. சாயங்காலம் அதே வழியில் திரும்பிவிடுவாள்.

"அங்க உக்காந்து போன்தான் பாப்பேன் அத்த. அதுல என்ன யாரும் சத்தமா பேசுன்னு சொல்றதில்ல. சூப்பரா பண்றீங்கன்னு சொல்றாங்க. சிரிச்சாலும் அவங்க மூஞ்சி எனக்குத் தெரியாது. போன கீழ வெச்சா அவங்க மியூட்டுன்னு கூப்புடறது காதுல கேக்க ஆரம்பிச்சிடும். அதான் வெக்கறதே இல்ல."

போனால் காலேஜ் போகவில்லை என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். காலேஜ் போக முடியாததால்தான் அவள் போனுக்குள்ளே போயிருக்கிறாள். ஆயிரம் பேருடைய லைக்கை அவள் எண்ணிக்கொண்டிருந்தது, அந்த லேபில் சிரித்தவர்களுக்கு எதிராக வைத்து எடை போடத்தான்.

அப்போதுதான் பார்த்தேன், அவளுக்குப் பின்னால், அறை வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான், எப்போது வந்தானோ. கைலி, தோளில் துண்டு. அவள் காதில் இயர்போன். இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் யாருடைய காலடி யாருக்குக் கேட்டிருக்கிறது? கண்ணைக் காட்டி அவளை உஷார்ப்படுத்தியிருக்கலாம். நான் செய்யவில்லை. அவன் என்னைப் பார்க்கவே இல்லை என்பதுதான் காரணம். அவன் பார்வை குடத்தில் சாய்ந்திருந்த போனிலேயே நின்றது. அதில் வழக்கம்போல நான் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் கிடந்திருப்பேன், அவள் முகம்தான் பெரிசாக இருந்திருக்கும்.

"காலேஜு வேணாம்னு இல்ல அத்த. எனக்குப் படிக்கணும். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவரு எப்பவும் தூங்கிக்கினு இருக்காரு, இல்லன்னா டியூட்டியில இருக்காரு" என்று நிவேதாவின் உதடு சொன்னது.

அண்ணனின் உதடும் அசைந்தது. அவள் சொன்னதைச் சொன்னபடியே அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதை அவளும் போனில் பார்த்துவிட்டாள். இயர்போனைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினாள். அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அந்த பேக்கரியில எதுனா வாங்கித் துன்னியா, இல்ல பட்டினியாவே உக்காந்துக்கினு இருந்தியா?" என்று கேட்டான் அண்ணன். குசுகுசு இல்லை. கன்வேயர் பக்கத்தில் பேசுகிற குரல். டென்மார்க்கில் என் சமையலறையே கிடுகிடுத்தது.

அண்ணி அடித்துப் பிடித்து ஓடிவந்தாள். "என்னாங்க, எழுந்துட்டீங்களா, ஏதுனா சத்தம் கேட்டுச்சா?"

"ஒரு சத்தமும் கேக்கல. அதான் எழுந்துட்டேன்" என்றான் அண்ணன். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "ராத்திரி பூரா அந்தச் சத்தத்துல நிக்கறேன். இங்க வந்து படுத்தா காதுல ஙொய்னு ஒண்ணு ஓடிக்கினே இருக்கும். வூட்ல ஆளு இருக்குதா இல்லையான்னே தெரியாது. வருஷக்கணக்கா எனக்குப் பகல்ல தூக்கம் கெடையாது. நீங்க இவ்ளோ பாடுபட்டு சத்தமில்லாம இருக்கீங்களே, சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு கண்ண மூடிக்கினு படுத்திருப்பேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அந்த நிமிஷத்திலும் சத்தம் வராமல். நிவேதா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. போன் குடத்திலிருந்து நழுவி விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரை ஃபேன் மட்டும்தான்.

5

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அட்டென்டன்ஸ் போனது போனதுதான், அந்த வருஷத்தை அவள் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. அண்ணன் கம்மாபுரத்துக்காரர்களிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டான். போனையும் அதற்கப்புறம் பூட்டி வைக்கவில்லை. அவள் இன்னும் உதட்டசைத்து வீடியோ போடத்தான் செய்கிறாள். லைக் குறைந்தால் இன்னும் வயிற்றைப் பிசையத்தான் செய்கிறதாம், ஆனால் அழிப்பதில்லை என்கிறாள். சாப்பிடும்போது போனைத் தள்ளி வைக்கிறாள் என்று அண்ணி சொன்னாள். அதையே நான் பெரிசாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நானும் அந்த வாய்மொழித் தேர்வுக்கு மறுபடி பேர் கொடுத்தேன். கீர்ஸ்டனிடம் முற்றத்தில் நின்று, அவள் மெஷினுக்கு மேல் கத்திக் கத்திப் பேசிப் பழகினேன். வண்டியில் ஒரு பிள்ளைகூட எழவில்லை. அப்படிப் பழகின ஒரு நாள் என் பையன் சாப்பாட்டு மேஜையில், "அம்மா, நீ கத்தறே" என்றான். தமிழில் சொன்னான்.

அடுத்த முறை நிவேதாவுக்கு வைவா வந்தபோது அண்ணனுக்கு மறுபடியும் நைட் ஷிப்ட் வாரம். அங்கே மத்தியானமாக இருக்கும்போது வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது. நைட் ஷிப்ட் வாரத்தில் அந்தக் க்வார்ட்டர்ஸில் விசில் அடித்து நான் கேட்டதே இல்லை. "இரு செல்வி, அவகிட்ட குடுக்கறேன்" என்று அண்ணி தறி வீட்டுக் குரலில் சொன்னாள்.

படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிவேதா வைவாக் கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குச் சொல்கிறாளாம். மோட்டார், கரண்ட் என்று எனக்கொன்றும் புரியாத என்னென்னவோ. குரல் நடுவில் உடைந்தது, மறுபடி ஏறியது. அதற்கு அடியில் அண்ணனின் குறட்டை, கல்லை உருட்டுகிறமாதிரி.

"அத்த" என்றாள் என்னைப் பார்த்து, சட்டென்று குரலைத் தாழ்த்தி. "அப்பா தூங்கிட்டாரு."

அவள் பேச்சை நிறுத்தினாள். குறட்டையும் நின்றது.

கட்டிலிலிருந்து அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"ம். மேல சொல்லு."